தூங்காத நண்டுகள்

மாரி மழை இறங்கினால் ஆரையம்பதி வாவிக்கரையில் கொட்டில் போட்டு நண்டு வாங்கி அனுப்புகிற வாடிக்காரர் எல்லாருக்கும் ஒரே கவலைதான். வாவித் தண்ணீரில் உப்புக் குறைந்துவிடும். நண்டு சோர்ந்துபோகும். காலைக் கட்டிப் பெட்டியில் அடுக்கும்போது உயிரோடு இருந்த நண்டு, கொழும்பில் பெட்டியைத் திறக்கும்போது செத்துக் கிடக்கும். செத்த நண்டை அங்கே யாரும் தொடமாட்டார்கள்.

அந்த மார்கழியில் சீதேவிப்பிள்ளையின் வாடியிலிருந்து போன நண்டு மட்டும் சாகவில்லை. பெட்டியைத் திறந்தவனின் விரலைத் தேடின.

"அக்கா, உங்கட நண்டு பெட்டிக்குள்ள கபடி விளையாடுது" என்றான் ஷிஹான். காத்தான்குடிக்காரன். கரையிலுள்ள வாடிகளின் பெட்டிகளையெல்லாம் கொழும்புக்கு ஏற்றுவது அவனுடைய லொறிதான். "பின்னால தட்டுற சத்தத்தில, ஆரோ லொறிக்குள்ள ஏறிட்டான் எண்டு நிப்பாட்டியும் பாத்தன். என்னத்தக் குடுக்கிறீங்க?"

"சொன்னா நீ நாளைக்கே எல்லா வாடிக்கும் சொல்லிருவாய்."

"சொல்லமாட்டன் அக்கா."

"அப்ப எனக்கும் சொல்லத் தேவல்ல."

பக்கத்து வாடிக்காரி நெருப்புப் பெட்டி கேட்டு வந்தாள். மறுகா உப்புக் கேட்டு வந்தாள். இரண்டு தரமும் நண்டுத் தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். மந்திரம்தான் என்று கரையில் முடிவாகிவிட்டது. வந்த ஆளைத் திரும்பிப் போகவிடாமல் பாயோடு ஒட்டவைக்கிற மந்திரம் இருக்கிற ஊரில் நண்டை எழுப்பிவிடுகிற மந்திரம் இருக்காதா என்பது அவர்களுடைய நியாயம்.

மந்திரம் ஜெயந்தனின் போன் கடையில் இருந்தது.

மாரியில் நண்டைப் பெட்டியில் அடுக்கும் முன் உப்புத் தண்ணீரில் ஊறவிட்டால் கொஞ்சம் தெம்பு வரும். எல்லா வாடியிலும் அது வழக்கம்தான். அதற்காகக் கடற்கரையிலிருந்து கலன் கலனாகத் தண்ணீரை ஓட்டோவில் ஏற்றிவர வேண்டும். அந்தச் செலவைப் பார்த்துத் தொட்டித் தண்ணீரை யாரும் இலேசில் வெளியே ஊற்றமாட்டார்கள். குறைகிற அளவுக்கு மட்டும் புதுத் தண்ணீர் சேர்த்துக்கொண்டே போவார்கள்.

போனுக்குக் காசு போடப் போன ஒரு நாள், ஜெயந்தனின் மேசைக்குப் பின்னால் குட்டிக் குட்டிப் பைகள் தொங்குவதை சீதேவிப்பிள்ளை கண்டாள். வெளியே நீல நிற மீன் படம். 'மீன் தொட்டி உப்பு. மீன்களுக்குச் சுறுசுறுப்பு தரும். மனிதர் உட்கொள்ளக் கூடாது' என்று எழுதியிருந்தது. கடை வாசலில் போத்தல்களில் ஒவ்வொரு மீனாக விட்டும் வைத்திருந்தான்.

"தம்பி, இது நண்டுக்குச் சரிவருமா?"

ஜெயந்தன் அவளைப் பார்த்தான். "நண்டுக்கா?"

"ஓம். நண்டும் தண்ணிக்குள்ள கிடக்கிறதுதானே."

அந்தத் தூள் மீனுக்குமல்ல, நண்டுக்குமல்ல. அதை வாங்க வருகிற பொடியன்கள் ஒருவன் வீட்டிலும் மீன் தொட்டி கிடையாது. ஆனால் இது மீனுக்கில்லை என்று சொன்னால், அப்படியென்றால் எதற்கு என்று அவள் கேட்பாள்.

"சரிவரும் அக்கா" என்றான்.

சரிவந்தது. ஒரு பையைக் கரைத்துவிட்ட சற்று நேரத்தில் சுருண்டு கிடந்த நண்டெல்லாம் எழும்பித் தொட்டிச் சுவரைப் பிறாண்டத் தொடங்கின. அடுத்த நாள் அவள் கை நிறைய வாங்கினாள். அதற்கடுத்த கிழமை இன்னும் கூடுதலாக. ஜெயந்தனுக்கு ஆவல் தாங்கவில்லை.

"இவ்வளவத்தையும் என்னக்கா செய்யிறீங்க?"

"தொட்டியில போடுறன்."

"ஓம் ஓம், தொட்டியில" என்று அவன் சிரித்தான். அன்றிலிருந்து அவள் வந்தால் நாற்காலியை இழுத்துப் போட்டான். தன்னைவிடப் பெரிய வியாபாரி ஒருத்தி அரைப்பாவாடையும் சேட்டுமாக நண்டு நாற்றத்தோடு வந்துபோகிறாள் என்று அவன் முடிவுகட்டிவிட்டான்.

வெறும் பைகளை அவள் வீசவில்லை. உள்பக்கம் வெள்ளிபோல் மினுங்கியது. வெட்டிப் புரட்டி, நண்டுக் கால் கட்டுகிற நைலோன் நூலில் கோத்து, கருவாடு காயவைக்கும் தட்டிக்கு மேலே தோரணமாகக் கட்டினாள். காற்றுக்கு அவை சடசடத்தன. வருடக் கணக்காகக் கருவாடு களவெடுத்த காகங்கள் தென்னையில் இருந்து பார்த்ததோடு சரி.

அந்த நாட்களில் இன்னொரு அதிசயமும் நடந்தது. அவளுடைய புருஷன் வினாயகமூர்த்தி மாறிவிட்டார். சாப்பிட்டதும் பூவரசுக்குக் கீழே சாக்கு விரித்துப் படுத்தால் பொழுது சாயும்போது எழும்புகிற மனுஷன். இப்போது படுப்பதே இல்லை. கிழிந்த வலையெல்லாம் பொத்தினார். வாடிக் கூரையைப் பிரித்து மேய்ந்தார். மேய்ந்துகொண்டே, கேட்பதற்கு ஆள் இல்லாவிட்டாலும் கதை சொன்னார்.

"என்னப்பா உங்களுக்கு?" என்று கேட்டாள்.

"எனக்கென்ன? நெஞ்சு கொஞ்சம் படபடக்குது. மற்றப்படி இருவத்தஞ்சு வயசு மாதிரி இருக்கு."

பிள்ளையார் பெருங்கதை விரதம் பிடித்ததன் பலன் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

பிறகு ஒரு நாள் காலையில் ஷிஹான் போன் எடுத்தான். குரலில் கபடி இல்லை.

"அக்கா, கொழும்பு முதலாளி கேக்கச் சொன்னார். உங்கட நண்டு வரக்குள்ள நல்லா ஆடுதாம். மறுநாள் மத்தியானம் எல்லாம் ஒண்டாச் செத்துப் போகுதாம். மத்த வாடி நண்டு அப்பிடியில்லையாம். சாகிறது வழியில செத்திரும், மிச்சம் நிண்டு பிடிக்குமாம்."

சீதேவிப்பிள்ளை போனை வைத்துவிட்டு நெடுநேரம் தொட்டியருகில் குந்தியிருந்தாள். நண்டு வாங்கத் தொடங்கிய காலத்திலிருந்து நண்டைப் பார்த்திருக்கிறாள். இப்படிக் குந்தியிருந்து பார்த்ததில்லை. நல்ல நண்டு மூலையைத் தேடிப் போய்க் கண்ணை மடக்கிக்கொண்டு கிடக்கும். இவை ஒன்றுகூட நிற்கவில்லை. சுவரில் ஏறின, விழுந்தன, மறுபடி ஏறின. போவதற்கு இடமில்லாத பயணம்.

அவள் இரண்டு பேசின் எடுத்தாள். இரண்டிலும் புதுக் கடல் தண்ணீர். ஒன்றில் தொட்டி நண்டு, மற்றதில் அன்று வந்த நண்டு. அடுத்த நாள் மத்தியானம் தொட்டி நண்டுகள் கால் பரப்பிக் கிடந்தன. தூக்கினால் கால் துணிபோலத் தொங்கியது. மற்றவை சோர்ந்து, கோபமாக, ஆனால் உயிரோடு இருந்தன.

"இந்தத் தூள் பலத்தக் குடுக்கல்ல" என்றாள் புருஷனிடம். "இருக்கிற பலத்த ஒரே நாள்ல செலவழிக்கப் பண்ணுது."

"அப்ப நிப்பாட்டு" என்றார் அவர், கூரையில் இருந்தபடி.

நிப்பாட்டினாள். தொட்டித் தண்ணீரையும் மாற்றத்தான் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஓட்டோக்காரன் வருவான், அவனைக் கொண்டு புதுத் தண்ணீர் ஏற்றலாம் என்று விட்டாள்.

ஞாயிறு வரவில்லை. அதற்கு முன் அரசாங்கத்தின் வர்த்தமானி அறிவித்தல் வந்தது.

வினாயகமூர்த்தி வெற்றிலை வாங்கப் போன இடத்தில் பத்திரிகையும் வாங்கி வந்தார். புதிய வகைச் செயற்கைப் போதைத் தூள்களை அபாயகர ஔடதப் பட்டியலில் அரசாங்கம் சேர்த்துவிட்டதாம். வாயில் நுழையாத நீளப் பெயர்கள். நேற்று வரைக்கும் சட்டம் கண்டுகொள்ளாத தூள், இன்று வைத்திருந்தாலே குற்றம். அவள் அந்தப் பெயர்களை விட்டுவிட்டுப் படத்தைப் பார்த்தாள். அந்தத் தூள் விற்கிற பைகளின் படம். நீல நிற மீன்.

"இஞ்சாருங்க" என்றாள். படத்தில் விரலை வைத்தாள்.

போன் அடித்தது. ஷிஹான். "அக்கா, ஜெயந்தனைப் பிடிச்சிட்டாங்க. பெரிய பங்கு உங்களுக்குத்தான் தந்ததெண்டு சொல்லிட்டானாம். நீங்கதான் ஊர்ப் பொடியன்களுக்கு வித்ததாம். ஜீப் வெளிக்கிட்டிட்டு."

வினாயகமூர்த்தி காதில் அது விழுந்தது. அவர் நேரே தொட்டிக்குப் போய் விளிம்பைப் பிடித்தார். "வா, பிடி. வாவிக்குள்ள கவிழ்ப்பம். தோரணத்தை அறுத்து அடுப்புக்குள்ள போடு. ஒண்டும் இல்லாட்டி என்னத்தப் பிடிப்பாங்க?"

அவளும் ஒரு கையை வைத்தாள். பிறகு எடுத்தாள்.

"ஒண்டும் இல்லாட்டி, நான் அதை என்ன செய்தனெண்டு கேப்பாங்க. நண்டுக்குப் போட்டனெண்டு சொன்னா ஆர் நம்புவா?"

"தண்ணி இருந்தா? தூள் கரைச்ச தண்ணி. அதுவும் குற்றம்தானே. ஒரு பை வச்சிருந்தவனுக்கே மறியல் எண்டா, தொட்டி நிறைய வச்சிருக்கிறவளுக்கு?"

அவர் சொன்னதும் சரிதான். ஊற்றினால் குற்றத்துக்குச் சான்று இல்லை. அவள் விற்கவில்லை என்பதற்கும் சான்று இல்லை. வைத்திருந்தால் இரண்டும் இருக்கும்.

மறியல் சிறைக்குக்கூட அவள் அவ்வளவு பயப்படவில்லை. அடுத்த ஒழுங்கை கஜானிதான் அவள் கண்ணில் நின்றாள். கால் முறிந்த நண்டை மலிவாக வாங்க நாள் தவறாமல் வருகிறவள். அவளுடைய மகன் நிலோஜன் போன மாதம் மூன்று நாள் தூங்காமல், சாப்பிடாமல், சுவரோடு கதைத்துக்கொண்டிருந்து, கடைசியில் விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போனான். என்ன எடுத்தான் என்று யாருக்கும் தெரியவில்லை. இப்போது சீதேவிப்பிள்ளைக்குத் தெரிந்தது. நாளைக்குக் கஜானிக்கும் தெரியும், யார் கொடுத்தது என்று ஊர் சொல்லுவதோடு சேர்த்து.

"கைய எடுங்க" என்றாள். "தொட்டி இருக்கட்டும். தோரணமும் இருக்கட்டும்."

ஜீப்புக்கு முன்னால் சனம் வந்துவிட்டது. சனத்துக்கு முன்னால் கஜானி. அவிழ்ந்த தலையை முடியக்கூட இல்லை.

"அக்கா, நீயா குடுத்தாய் என்ர பொடியனுக்கு?"

"இல்ல கஜானி."

"ஜெயந்தன் சொல்லுறானாம்."

"அவன் சொல்லுவான். நீ அந்தா அந்தக் கல்லில இரு. முழுக்கப் பாத்திட்டுச் சொல்லு."

ஜீப்பிலிருந்து சாஜன்ட் சதீசன் இறங்கினார். கூடவே டவுனிலிருந்து உணவு, மருந்துப் பரிசோதகர் ஒருவரும். கிளோடியா என்ற, இந்தப் பக்கத்துப் பறங்கிச் சமூகத்துப் பெண். கையில் மாதிரி எடுக்கும் போத்தல்களின் பெட்டி. வந்ததிலிருந்து அவள் கண் தொட்டியில்தான் இருந்தது.

"அம்மா, சாமான் எங்க?" என்றார் சதீசன்.

"எந்தச் சாமான் மகன்?"

"நீல மீன் பை."

சீதேவிப்பிள்ளை அவருடைய தலைக்கு மேலே கையைக் காட்டினாள். சாஜன்ட் அண்ணாந்து பார்த்தார். கருவாட்டுத் தட்டிக்கு மேலே, வாவிக்கரை முழுதும் தெரிய, பைகள் வெயிலில் மினுங்கிச் சடசடத்தன. அவருடைய தொப்பி கழன்று விழப் பார்த்தது.

"இது என்ன?"

"காகத்துக்கு."

"காகத்துக்குக் குடுத்தீங்களா?"

"காகம் வராம இருக்க. உள்ளுக்க இருந்தது தொட்டியில."

கிளோடியா அதற்குள் தொட்டியருகில் குந்திவிட்டாள். "இதுக்கா போட்டீங்க? நண்டுக்கா?" அவள் குரலில் அதட்டல் இல்லை. "ஏன்?"

"மீனுக்குச் சுறுசுறுப்பு எண்டு எழுதியிருந்தது மிஸ். மனிசர் சாப்பிடக்கூடாதெண்டும் போட்டிருந்தது. நான் சாப்பிடக் குடுக்கல்ல. நண்டைக் குளிக்க விட்டன்."

சனத்தில் யாரோ சிரித்தார்கள். கிளோடியா சிரிக்கவில்லை. "இதைச் செய்யிற ஆக்கள் சட்டத்துக்காக எழுதுற பொய் அம்மா அது. சாப்பிட எண்டு வித்தால் பிடிபடுவாங்க. அதால மீனுக்கு, செடிக்கு எண்டு எழுதுவாங்க. வாங்குற எல்லாருக்கும் அது பொய்யெண்டு தெரியும். அதை நம்பின ஆளை நான் இண்டைக்குத்தான் காணுறன்."

"ஏன் மிஸ் இவ்வளவு நாளும் பிடிக்காம விட்டீங்க?" என்று கல்லில் இருந்த கஜானி கேட்டாள். "என்ர பொடியன் விழுந்த பிறகா சட்டம் வந்தது?"

கிளோடியா போத்தல் பெட்டியைக் கீழே வைத்தாள். "ஒரு தூளைப் பட்டியல்ல போட்டா, அவங்க அதில சின்ன மாற்றம் ஒண்டு செய்து புதுத் தூளாக்குவாங்க. புதுசு பட்டியல்ல இருக்காது. மறுபடி நாங்க பின்னால ஓட வேணும்."

"கோது கழட்டின நண்டு மாதிரி" என்றாள் சீதேவிப்பிள்ளை. "மேல் கோதுதான் புதுசு. உள்ளுக்க அதே நண்டு."

"ஓம். இந்தத் தரம் கோதைப் பாக்காம, நண்டுச் சாதியையே பட்டியல்ல போட்டிருக்கு."

சதீசனுக்கு இந்தக் கதையில் பொறுமை இல்லை. "மிஸ், தண்ணில தூள் இருந்தா மட்டும் போதாது. பாதியத் தொட்டியில போட்டிட்டுப் பாதிய வித்திருக்கலாம்."

"வித்திருந்தா பை வாங்கினவனோட போயிருக்கும்" என்றாள் சீதேவிப்பிள்ளை. "தூளைக் கையில அள்ளியா விப்பாங்க? ஜெயந்தன் எனக்கு எத்தின தந்ததெண்டு சொன்னவன்? இறக்கி எண்ணுங்க."

சாஜன்ட் அவளை ஒருதரம் பார்த்தார். பிறகு கொன்ஸ்டபிளைப் பார்த்தார். கொன்ஸ்டபிள் தட்டியில் ஏறித் தோரணத்தை அவிழ்த்தார். சனம் நெருங்கி வந்தது. கஜானி கல்லை விட்டு எழும்பி வந்து, பையோடு பையாகத் தானும் வாய்க்குள் எண்ணினாள்.

எண்ணி முடிந்தது. சதீசன் மறுபடி எண்ணினார்.

"ஒண்டு குறையுது" என்றார்.

சீதேவிப்பிள்ளை நூலின் முடிச்சுகளைத் தடவிப் பார்த்தாள். காற்றில் பறந்திருக்குமா? முடிச்சு ஒன்றும் அவிழவில்லை. கஜானி அவளையே பார்த்தபடி நின்றாள். ஒரு பை போதும். நிலோஜனுக்கு ஒரு பைதான் தேவைப்பட்டிருக்கும்.

"அந்த ஒண்டு எங்க அம்மா?"

"எனக்குத் தெரியா மகன்" என்றாள். அதுதான் உண்மை.

அப்போது வாடிப் பக்கமிருந்து ஒரு செருமல் கேட்டது. வினாயகமூர்த்தி, வாழ்நாளில் இல்லாத வெட்கத்தோடு, மடியிலிருந்து எதையோ எடுத்தார். நீல நிற மீன். உள்ளே புகையிலைத் துண்டு.

"மழைக்குப் போயிலை நனையுது" என்றார். "பை நல்ல பை. அதால ஒண்ட எடுத்து வச்சிக்கிட்டன்."

"கழுவினீங்களா?" என்றாள் கிளோடியா.

"பையை ஆரு மிஸ் கழுவுற?"

"எப்ப இருந்து இதுக்குள்ள வச்சுப் போடுறீங்க?"

"இவ முதல் பை கொண்டு வந்ததில இருந்து."

சீதேவிப்பிள்ளை கூரையைப் பார்த்தாள். புதிதாக மேய்ந்த கூரை. பொத்தி அடுக்கிய வலைகள். கேட்க ஆளில்லாமல் சொன்ன கதைகள். பிள்ளையாருக்குச் சொன்ன நன்றியை நினைத்து அவளுக்கு என்னவோ போலிருந்தது.

"ஐயா, நீங்க உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் நெஞ்சைக் காட்டுங்க" என்றாள் கிளோடியா. "இது பகிடி இல்ல."

முதலில் சிரித்தது கஜானிதான். சிரித்தபடியே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பிறகு சீதேவிப்பிள்ளையின் பக்கத்தில் வந்து, அவளுடைய ஈரக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வேலை அதோடு முடியவில்லை. கிளோடியா தண்ணீரில் மூன்று போத்தல் எடுத்து முத்திரை வைத்தாள். கொழும்பு முதலாளிக்குப் போன் போட்டு, அந்த வாடி நண்டு ஒன்றையும் விற்கவோ சமைக்கவோ கூடாதென்றாள். சதீசன் சான்றுப் பொருளை எப்படி எழுதுவதென்று தெரியாமல் பேனையோடு நின்றார். தொட்டியென்று எழுதுவதா, தண்ணீரென்று எழுதுவதா, நண்டு சேர்த்தியா? கடைசியில் தொட்டிக்கு மேலே பலகை போட்டுச் சுற்றிவரக் கயிறு கட்டி அரக்கு வைத்தார். பலகைக்குக் கீழே நண்டுகள் பிறாண்டிக்கொண்டேயிருந்தன. பொழுது சாயும்போது சத்தம் குறைந்தது. பிறகு இல்லை.

கிளோடியா தன் அறிக்கையில் கண்டதை அப்படியே எழுதினாள். பரிசோதனை முடிவும் வந்தது. தூளெல்லாம் தண்ணீரில்தான் இருந்தது. நீதிமன்றம் சீதேவிப்பிள்ளையைக் குற்றம் சாட்டப்பட்டவளாக அல்ல, சாட்சியாகக் கூப்பிட்டது. சாட்சிக் கூண்டில், நண்டுக்கு ஏன் போட்டீர்கள் என்று ஜெயந்தனின் சட்டத்தரணி நக்கலாகக் கேட்டார்.

"உங்கட ஆள்தான் ஐயா சரிவருமெண்டு சொன்னவர்" என்றாள்.

இப்போது அவளுடைய நண்டும் மற்ற வாடி நண்டைப் போலத்தான் போகிறது. மழை கூடிய நாளில் வழியில் சில சாகின்றன. ஷிஹான் போன் போட்டு, "அக்கா, லொறி அமைதியா வந்து சேந்திட்டு" என்பான். சாகிறது சாகட்டும், மிச்சம் ஒழுங்காக இருந்தால் போதும் என்பாள் அவள்.

தோரணம் இன்னும் நீதிமன்றக் களஞ்சியத்தில் கிடக்கிறது. வழக்கு முடியும் வரை தரமாட்டார்கள். காகங்களுக்கு அது எப்படியோ தெரிந்துவிட்டது. தட்டியில் வரிசையாக இருந்து கருவாட்டைக் கொத்துகின்றன.

"இஞ்சாருங்க, காகம்" என்று சீதேவிப்பிள்ளை வாடிக்குள்ளிருந்து கூப்பிட்டாள்.

பதில் இல்லை. எட்டிப் பார்த்தாள். வினாயகமூர்த்தி பூவரசுக்குக் கீழே சாக்கு விரித்து, வாய் பிளந்து, நல்ல தூக்கத்தில் இருந்தார்.

அவள் ஒரு கம்பை எடுத்துக்கொண்டு காகம் கலைக்கத் தானே போனாள், அவரைச் சுற்றி, சத்தமில்லாமல்.